இடது பக்கம் கொடுத்தவர்கள்

போன மாதம் எங்கள் பக்கத்து நர்சிங் பள்ளிப் பிள்ளைகளை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் போனார்கள். மருத்துவத்தில் வந்திருக்கும் புதிய முன்னேற்றங்களைப் பற்றி இரண்டு நாள் சொற்பொழிவு. பழைய ஆள் ஒருவர் கூட இருந்தால் நன்றாக இருக்குமென்று என்னையும் முன் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டார்கள். நான் கம்பவுண்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். ஒரே ஒரு தடவை குத்திவிட்டுத் தூக்கியெறிந்துவிடும் ஊசியை அங்கே காட்டினார்கள். பிள்ளைகள் எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். நான் மட்டும் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும்.

திரும்பும்போது ஒரு பெண், உங்கள் காலத்தில் இப்படியெல்லாம் அழைத்துப் போவார்களா என்று கேட்டாள். ஒரு தடவை அழைத்துப் போனார்கள் என்றேன். நன்றாக இருந்ததா என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அது பேச்சில் சொல்ல வருகிற விஷயம் இல்லை. எழுதினாலாவது வருகிறதா என்று பார்க்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் காளப்பநாயக்கன்பட்டி. வெள்ளைக்காரன் ஆட்சிதான், இரண்டாவது பெரிய யுத்தம் இன்னும் தொடங்கவில்லை. எட்டாவது முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் கம்பவுண்டர் படிப்புக்கு மனுப் போட்டேன். பாதிப் படிப்பு புத்தகத்தில், பாதிப் படிப்பு ஏதாவது ஓர் ஆசுபத்திரியில். என்னோடு படித்த மாணிக்கத்துக்கும் எனக்கும் கொல்லிமலை ஆசுபத்திரி விழுந்தது. சேதி தெரிந்ததும் எங்கள் அம்மா சாப்பிடவில்லை. மலைக்காய்ச்சல் அப்போது அப்படி. மேலே போன சர்வேக்காரர்களும் கான்ஸ்டபிள்களும் வயிற்றில் கட்டியோடு மஞ்சளாக இறங்கி வருவதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ரோடு கிடையாது. விடியக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் பாதி மலை, மதியச் சோற்றுக்கு மேலே.

மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதை ஒரு நாடு என்பார்கள். அதில் வாழவந்தி நாட்டு ஓரத்தில் மூன்று அறை வைத்த ஓட்டுக் கட்டடம்தான் ஆசுபத்திரி. டாக்டர் ஒருவர், பழைய கம்பவுண்டர் ஒருவர், நாங்கள் இருவர். பழைய கம்பவுண்டர் எங்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டு இரண்டே மாதத்தில் காய்ச்சலோடு கீழே இறங்கிப் போனார், திரும்பவில்லை. ஆக, படிக்க வந்த நாங்களே கம்பவுண்டர்களானோம்.

டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக எழுத எனக்கு மனசு வராது. வடக்கே வேலூர்ப் பக்கத்துக்காரர். மலைக்கு வந்து எட்டு வருஷமாகியிருந்தது. மற்றவர்கள் எட்டு மாதம் தாங்காத இடம் அது. குள்ளம், பூனை நடை, பேச்சு காதோடு காதாக. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கிவிடும். அப்போது என்ன சொல்கிறார் என்று கேட்க நாங்கள் குனிய வேண்டியிருக்கும், அதுவே பாதி தண்டனை. கையை மூன்று தடவை கழுவுவார். மூன்றாவது தடவை கழுவிய பிறகு அந்தக் கை எதையும் தொடாது. மூக்கு அரித்தால்கூட எங்களில் ஒருவனைக் கூப்பிட்டுச் சொறியச் சொல்வார்.

ஊசி போடும் நாள் அங்கே திருவிழா மாதிரி. கண்ணாடி சிரிஞ்சுகள் இரண்டு, ஊசிகள் எட்டு. வாரத்துக்கு ஒரு தடவை ஊசி முனைகளைச் சாணைக்கல்லில் எண்ணெய் விட்டுத் தீட்டுவது என் வேலை. தீட்டிய முனையைப் பஞ்சில் இழுத்துப் பார்ப்பார், ஒரு இழை சிக்கினால் மறுபடியும் தீட்ட வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் இருந்து இடுக்கியால் எடுத்துப் பொருத்தி, மலைக்காய்ச்சலுக்கான கொயினா மருந்தை இழுத்து, காற்றுக்குமிழியை வெளியே தள்ளி, சொட்டு எட்டிப் பார்த்ததும் போடுவார். ஒரு வாழைப்பழத்தை உரிக்கிற நேரம்கூட ஆகாது. கொயினாவைக் கசப்பு மிக்சராகக் கொடுத்தால் துப்பிவிடுகிறார்கள், ஊசியாகப் போட்டால் துப்ப முடியாது என்பது அவர் கட்சி. அது சரிதான். அந்த ஊசியால் பிழைத்தவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆசுபத்திரியில் ஒரு மேஜை இருந்தது. நோயாளியைப் படுக்கவைத்துப் பார்க்கிற நீள மேஜை, தேக்கு. எட்டு ஆள் சுமந்து மலையேற்றினார்களாம். எட்டு வருஷத்தில் அதன்மேல் ஒரு ஆளும் படுத்ததில்லை. அந்த நாட்டுக்காரர்கள் பகல் வெளிச்சத்தில், உயிரும் நினைவும் இருக்கும்போது, அந்நியர் முன்னால் நீட்டிப் படுக்கமாட்டார்கள். அப்படிக் கிடத்துவது பிணத்தைத்தான். கெஞ்சினாலும் மிரட்டினாலும் நடக்கவில்லை. டாக்டர் தன் குடையையும் துண்டையும் அந்த மேஜையில் உலர்த்திக்கொண்டிருந்தார். ஊசிக்கு வருகிறவர் ஜன்னல் பக்கம் திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு குந்தி உட்காருவார். டாக்டர் பின்னால் முக்காலியில். குந்தும்போது பிட்டத்துச் சதை எங்கே திரண்டு நிற்கிறதோ அங்கே, நட்டநடுவில், ஊசி. எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார், அப்படித்தான் நாங்களும் போட்டோம்.

இன்னொன்று. ஊசிக்கு அவர்கள் இடது பக்கத்தைத்தான் கொடுப்பார்கள். வலது பக்கத்தைத் தொட்டால் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்து இடது பக்கத்தைக் காட்டி உட்கார்ந்துகொள்வார்கள். ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி. வலது பக்கத்தைச் சாமிக்கு நேர்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று டாக்டர் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். அதற்குமேல் எங்களில் ஒருவரும் வாயைத் திறந்து ஏன் என்று கேட்கவில்லை. படித்தவர்கள் அல்லவா, கேட்பது கௌரவக் குறைச்சல்.

மலையில் அங்கங்கே ஒரு காலை இழுத்து நடப்பவர்களைப் பார்க்கலாம். பாதம் கணுக்காலில் இருந்து தொங்கும். நடக்க வேண்டுமானால் முழங்காலை உயரத் தூக்கி, பாதத்தைத் தரையில் அறைந்து வைக்க வேண்டும். காய்ச்சல் கால் என்பார் டாக்டர். காய்ச்சல் கடுமையாக வந்தால் சிலருக்கு நரம்பைத் தின்றுவிடும் என்று சொல்லிக்கொடுத்தார். நானும் நோட்டுப் புத்தகத்தில் அழகாக எழுதிவைத்துக்கொண்டேன்.

வெள்ளையன் வந்தது ஒரு மழை நாளில். முப்பது வயசு இருக்கும். பலாமரம் ஏறுவதில் அந்த நாட்டிலேயே அவனை மிஞ்ச ஆள் இல்லை என்பார்கள். சரிவு நிலத்தில் ஏர் பிடிப்பான், சாமை விதைப்பான். அன்று அண்ணன் தம்பிகள் இரண்டு பேர் கம்பளியில் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். உடம்பு கொதித்தது, ஆனால் நினைவு இருந்தது. மேஜையில் கிடத்தலாமா என்றேன். அந்த நிலையிலும் தலையை ஆட்டினான். இரண்டு பேரும் தோளைப் பிடித்துக் குந்தவைத்தார்கள். தானாகவே இடது பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

டாக்டர் என்னைப் பார்த்து, நீ போடு என்றார். அதுவரை பத்துப் பதினைந்து ஊசி போட்டிருப்பேன், கை பழகியிருந்தது. பெருமையாகவும் இருந்தது. சொல்லிக்கொடுத்த இடத்தில் போட்டேன். மருந்து உள்ளே போனதும் அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, கால் தானாக உதறியது. ஜன்னல் கம்பியை விடவில்லை. கொயினா எரியத்தான் செய்யும், பொறுத்துக்கொள் என்று சொன்னேன். இதை எழுதும்போது அந்த வார்த்தை என் காதில் விழுகிறது.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. எழுந்து நின்றபோது இடது பாதம் தொங்கியது. டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்தார், பாதத்தைக் குண்டூசியால் சுரண்டிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். பாவம், காய்ச்சல் கால் என்றார். அவன் மனைவி பொன்னி எங்களைக் கும்பிட்டுவிட்டு அவனை அழைத்துப் போனாள். இரண்டு மாதம் கழித்து வெள்ளையன் அந்தக் காலோடு, தலையில் ஒரு பெரிய பலாப்பழத்தோடு, மூன்று மைல் நடந்து வந்தான். உயிரைக் கொடுத்தவருக்கு என்று என் காலடியில் இறக்கிவைத்தான். அவனால் மரம் ஏற முடியவில்லை, தம்பி ஏறிப் பறித்ததாம். நானும் மாணிக்கமும் அதை இரண்டு நாள் வைத்துத் தின்றோம். அவ்வளவு இனிப்பான பழம்.

அந்த வருஷம்தான் அந்த உத்தரவு வந்தது. ஜில்லாவில் கம்பவுண்டர் படிப்புப் படிக்கும் மாணவர்கள் எல்லோரும் சேலத்தில் மூன்று நாள் கூட வேண்டும். பட்டணத்திலிருந்து பெரிய டாக்டர்கள் வந்து வைத்தியத்தில் நடக்கும் புதுமைகளைப் பற்றிப் பேசுவார்கள். எங்கள் டாக்டருக்கு எங்களைவிடச் சந்தோஷம். தன்னுடைய கறுப்புக் கோட்டை எனக்குக் கொடுத்தார், கை இரண்டு அங்குலம் குறைச்சல். பேசுகிறதை எல்லாம் எழுதிக்கொண்டு வாருங்கள், எனக்கும் படித்துக் காட்டுங்கள், நான் பள்ளியை விட்டு வந்து எத்தனையோ வருஷமாயிற்று என்றார். தனக்குத் தெரியாதது இருக்கும் என்று ஒப்புக்கொள்ள எத்தனை டாக்டருக்கு வாய் வரும்?

மலை இறங்கி, காளப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினோம். மாணிக்கம் வழியெல்லாம் கும்மாளம். சேலத்தில் பெரிய மண்டபம், பெஞ்சு பெஞ்சாக மாணவர்கள், சுவரில் வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைத்துப் படம் காட்டினார்கள். முதல் நாள் முழுக்க வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தோம். நிமோனியாவை நாலே நாளில் அடக்கும் வெள்ளை மாத்திரை என்றார்கள். ஒரு ஆளின் ரத்தத்தை இன்னொரு ஆளுக்கு ஏற்றலாம், ஆனால் பொருத்தம் பார்க்க வேண்டும் என்றார்கள். ஜாதகமா என்று மாணிக்கம் என் காதில் கிசுகிசுத்தான். கொயினாவுக்குப் பதிலாக ஒரு மஞ்சள் மாத்திரை வந்திருக்கிறது, அதைத் தின்றால் தோலே மஞ்சளாகும் என்றார்கள். நான் இருபத்திரண்டு பக்கம் எழுதினேன். இனிமேல் சாவே இருக்காது போலிருக்கிறது என்று அன்றைக்கு உண்மையாகவே நம்பினேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் பேச வந்தவர் ஒல்லியான மனிதர். இங்கிலீஷும் தமிழும் கலந்து பேசினார். புது மருந்துகளைப் பற்றி நிறையக் கேட்டிருப்பீர்கள், நான் பழைய தப்பு ஒன்றைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று ஆரம்பித்தார். விளக்கை ஏற்றச் சொன்னார். துணியில் ஒரு ஆளின் படம் விழுந்தது. முகம் இல்லை, இடுப்புக்குக் கீழேதான். முழங்காலை உயரத் தூக்கியிருந்தான். பாதம் தொங்கியது.

மாணிக்கம் என் தொடையைத் தட்டி, நம்ம காய்ச்சல் கால் என்றான், தெரிந்த ஆளைப் பார்த்துவிட்ட சந்தோஷத்தோடு. எனக்கும் சந்தோஷம்தான். காரணத்தை எழுதிக்கொள்ளப் பென்சிலைக் கூர் பார்த்தேன்.

இந்தக் காலை எந்த நோயும் கெடுக்கவில்லை என்றார் அவர். கொயினா ஊசி கெடுத்தது. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் பெரிய நரம்பு ஒன்று சதைக்கு அடியில் ஓடுகிறது, சுண்டுவிரல் பருமன். அதன்மேலோ அதன் பக்கத்திலோ கொயினாவைச் செலுத்தினால் நரம்பு வெந்துவிடும். பலகையில் பிட்டத்தை வரைந்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு போட்டு நாலு பாகமாக்கினார். மேலே, வெளிப்பக்கம் இருக்கிற ஒரு பாகத்தில் மட்டும் போடுங்கள், மற்ற மூன்றும் ஆபத்து என்றார். ஆளைக் குப்புறப் படுக்கவைத்துத்தான் போட வேண்டும். குந்தியிருப்பவனுக்கு ஒருபோதும் போடாதீர்கள். குந்தும்போது சதை விலகி நரம்பு தோலுக்கு அருகே வந்துவிடும், நடுவில் குத்தினால் நேராக அதன்மேல்தான் குத்துவீர்கள். ஊசி இறங்கியதும் கால் உதறினால் உடனே உருவிவிடுங்கள்.

எனக்கு என்ன ஆயிற்று என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அடுத்து அவர் பேசியது எதுவும் காதில் விழவில்லை. பென்சில் கையில் இருந்தது, நோட்டில் எழுத்து இல்லை. கோட்டுக்குள் வியர்த்துக் கொட்டியது. வெள்ளையன் காலை எடுத்தது காய்ச்சல் இல்லை, நான்தான். அந்த உதறலை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே மருந்து முழுவதையும் தள்ளினேன். பொறுத்துக்கொள் என்று புத்திமதி வேறு சொன்னேன்.

இப்படிப்பட்ட காலை யாராவது பார்த்திருக்கிறீர்களா என்று அவர் கேட்டார். ஒருவரும் கை தூக்கவில்லை. நானும் தூக்கவில்லை. மாணிக்கம் எழுந்து வெளியே போனான், அன்று உள்ளே திரும்பவில்லை.

மூன்றாம் நாள் பேச்சில் என்ன சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பஸ்ஸில் திரும்பும்போது மாணிக்கம் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். எங்களுக்குத் தெரிந்து பதினொரு கால். மாணிக்கம் போட்டதில் இரண்டு, நான் போட்டதில் வெள்ளையன், மற்றது எல்லாம் டாக்டர் கை. பதினொன்றும் இடது கால். காளப்பநாயக்கன்பட்டியில் இறங்கினோம். மாணிக்கம் மலைப்பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பெட்டியை மறுபடியும் தோளில் வைத்துக்கொண்டு, நான் ஏறமாட்டேன், நீ போய்ச் சொல்லிவிடு என்றான். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவன் கடைசிவரை ஏறவில்லை. பின்னால் ராசிபுரத்தில் ஜவுளிக்கடை வைத்தான், நன்றாகத்தான் இருந்தான். எங்கே பார்த்தாலும் இதைப் பற்றி மட்டும் பேசமாட்டான். அவனைக் கோழை என்று வெகுநாள் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது திட்டுவதில்லை.

நான் தனியாக ஏறினேன். டாக்டர் வாசலிலேயே நின்று, படி படி என்றார். அந்த ஒல்லி மனிதர் போட்ட படத்தைத் தரையில் கரியால் போட்டுக் காட்டினேன். நாலு பாகத்தையும் காட்டினேன். குந்தவைப்பதைச் சொன்னேன். டாக்டர் உள்ளே போய், சரீர சாஸ்திரப் புத்தகத்தை எடுத்தார். வேட்டியோடு சுவரோரம் குந்தினார், தன் இடுப்பிலேயே கட்டைவிரலை வைத்து அளந்து பார்த்தார். எழுந்து நின்று அளந்தார். மறுபடியும் குந்தினார். பிறகு கையைக் கழுவினார். மூன்று தடவையோடு நிறுத்தவில்லை, கழுவிக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்தபோது குரல் இறங்கியிருந்தது, குனிந்துதான் கேட்டேன். இனி யாருக்கும் குந்தவைத்து ஊசி கிடையாது. ஆனால் இதை மலையில் யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் ஒரு ஆளும் ஊசிக்கு வரமாட்டான், மிக்சரைத் துப்புவான், காய்ச்சலில் சாவான். பதினொரு காலுக்காக நூறு உயிரைக் கொடுக்க முடியாது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை.

நாலைந்து நாள் கழித்துப் பொன்னி வந்தாள், வெள்ளையனின் மனைவி. இந்தத் தடவை காய்ச்சல் அவளுக்கு. கண் சிவந்து, பல் கிட்டி, நிற்க முடியாமல் நடுங்கிக்கொண்டு வந்தாள். வெள்ளையன் அவளைத் தோளோடு அணைத்து, ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்து மூன்று மைல் அழைத்து வந்திருந்தான். டாக்டர் பார்த்துவிட்டு உடனே ஊசி வேண்டும் என்றார். அவள் நேராக ஜன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக் குந்தினாள். இடது பக்கத்தைத் திருப்பினாள்.

குந்த வேண்டாம், மேஜையில் படுக்கணும் என்றேன். அவள் அசையவில்லை. முடியாது என்று தலையை ஆட்டினாள். வெள்ளையன், அவள் எப்படிப் படுப்பாள், வழக்கம்போலப் போடுங்கள் என்றான். டாக்டர் நயமாகச் சொன்னார், அதட்டிச் சொன்னார். பொன்னி கம்பியை விடவில்லை. உடம்பு தீயாகக் கொதித்தது. டாக்டர் என்னைப் பார்த்தார், நான் சிரிஞ்சைப் பார்த்தேன். அதில் மருந்து ஏறியிருந்தது. இன்னொரு தடவை அந்த இடத்தில் என் கை போகாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சிரிஞ்சைத் தட்டில் வைத்துவிட்டு வெள்ளையன் முன்னால் போய் நின்றேன்.

"உங்க காலைக் காய்ச்சல் எடுக்கலீங்க. நான் போட்ட ஊசிதானுங்க எடுத்துச்சு" என்றேன்.

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். நான் அடிக்குத் தயாராக நின்றேன். வெள்ளையன் என்னை ஒருமாதிரி பார்த்தான். சின்னப் பிள்ளை ஒன்று தெரிந்த விஷயத்தையே வந்து சொன்னால் எப்படிப் பார்ப்போமோ அப்படி.

"தெரியுமுங்களே" என்றான்.

எனக்குப் புரியவில்லை. டாக்டர் கண்ணைத் திறந்து, என்ன தெரியும் என்றார்.

"ஊசிதான் காலை எடுக்குதுன்னு எல்லாத்துக்கும் தெரியுமுங்க. நீங்க வந்த வருசமே ரெண்டு பேருக்குப் போச்சுங்களே. அப்பவே நாட்டுக் கூட்டத்துல பேசிப்போட்டாங்க. காய்ச்சல்ல போனா ஆளே போயிருது. ஊசி போட்டா பத்திருபது பேருல ஒருத்தருக்குக் காலுதான் போகுது. குடுத்துப்போடலாமுன்னு முடிவுங்க. வலது காலு ஏருக்கும் மரத்துக்கும் வேணுமுங்க. அதனால எடது பக்கத்தக் குடுக்கறதுன்னு வெச்சாங்க."

டாக்டர் அவன் முன்னால் வந்து நின்றார். எட்டு வருஷம், என்னிடம் ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்கக் குனிய வேண்டியிருக்கவில்லை.

"சொன்னா மனசு ஒடஞ்சு எறங்கிப் போயிருவீங்களேங்க. அப்புறம் எங்களுக்கு யாரு?"

இத்தனை நாளும் அவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள், நாங்கள் மறைத்து அவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம். அவர்கள் எங்களிடம் மறைத்து எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். சேலத்து மண்டபத்தில் வந்ததைவிடப் பெரிய இடி இது. வலது பக்கம் சாமிக்கு என்று நாங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து என் முகத்தில் அறைந்தது.

நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். கால் போகாமலே ஊசி போடலாம் என்று சொன்னேன். குந்தாமல் படுத்துக்கொண்டால், நாலு விரல்கடை மேலே தள்ளி வெளிப்பக்கமாகப் போட்டால், நரம்பில் படாது. போன வாரம்தான் எங்களுக்கே தெரியவந்தது என்றேன். வெள்ளையன் மேஜையைப் பார்த்தான். அதன்மேல் டாக்டரின் குடை விரிந்து கிடந்தது. டாக்டர் போய்க் குடையை எடுத்து மடக்கி மூலையில் வைத்தார், துண்டால் மேஜையைத் துடைத்தார். துடைத்துவிட்டு அவரே அதில் ஏறிக் குப்புறப் படுத்துக் காட்டினார். பிறகு இறங்கி ஒதுங்கி நின்றார்.

வெள்ளையன் பொன்னியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஏதோ சொன்னான், எங்களுக்குக் கேட்கவில்லை. ஜன்னல் கம்பியிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக அவனே பிரித்தான். மேஜையில் அவளைப் படுக்கவைத்தான். அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அவள் கையை அவன் விடாமல் பிடித்திருந்தான். நான் ஸ்பிரிட்டால் துடைத்து, விரலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுப் பார்த்து, மேலே வெளிப்பக்கம் ஊசியை இறக்கினேன். கால் உதறவில்லை. மருந்தைத் தள்ளிக்கொண்டே அவள் பாதத்தைப் பார்த்தேன். விரல்களை அசை என்று சொன்னேன். ஐந்து விரலும் அசைந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கப்படாமல் அழுதேன்.

இந்தச் செய்தி ஒரே வாரத்தில் எல்லா நாட்டுக்கும் போய்விட்டது. பிறகு மேஜையில் படுக்க ஒருவரும் தகராறு செய்யவில்லை. டாக்டர் மலையை விட்டு இறங்கவுமில்லை. இன்னும் ஆறு வருஷம் அங்கேயே இருந்து, அந்தக் காய்ச்சலிலேயே போனார். என் கையால் ஒரு காலும் போனதில்லை என்று ஓய்வுபெற்ற அன்று மேடையில் புகழ்ந்தார்கள். வெள்ளையன் கால் போனதை நான் மேடையில் சொல்லவில்லை.

அன்று ஊசி போட்ட பிறகு பொன்னியை இரண்டு நாள் ஆசுபத்திரியிலேயே வைத்திருந்தோம். மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. எழுந்து நின்றாள், நடந்தாள். வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். இரண்டு பாதமும் தரையில் ஒழுங்காகப் பதிந்தன. டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் வெள்ளையனைப் பார்த்துச் சிரித்தேன், அவனும் சிரிப்பான் என்று நினைத்து. அவன் அவள் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் புறப்படத் துணியை எடுத்து மூட்டை கட்டும்வரை பார்த்தான். பிறகு என் பக்கத்தில் வந்தான். குரலில் கோபமே இல்லை, கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"உசுருக்கு ஈடாத்தான் காலைக் குடுத்தேன்னு இத்தன நாளும் இருந்தேனுங்க. ஒருநாளும் அழுவுலீங்க. சும்மா போச்சுன்னு சொல்லிப்போட்டீங்களே, சாமி."